ஒரு நாள் போல் மறுநாள் இல்லை: மாதவிடாய் நிற்கும் வயதில் சோர்வும் சினமும்

கேள்வி – அட்டன் ஆசிரியை

எனக்கு வயது 47. அட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். கடந்த ஆண்டிலிருந்து மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. இரு மாதம் தவறிப் பிறகு வரும்போது அளவுக்கு மீறிப் போகிறது. அதைவிட எனக்கு விளங்காதது, உடம்பும் மனமும் நாளுக்கு நாள் மாறுவதுதான். திங்கட்கிழமை காலைக்கூட்டம் முதல் கடைசி மணி வரை நின்றபடியே பாடம் நடத்துகிறேன். செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையிலேயே கை சோர்ந்து, ஒரு பிள்ளை கொப்பியை மறந்து வந்ததற்காக நெஞ்சு படபடக்கக் கோபம் வருகிறது. சற்று நேரத்தில் அதே பிள்ளையைப் பார்த்து அழுகை முட்டுகிறது. இங்குள்ள குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தாலும், நடுச்சாமத்தில் கழுத்தும் முதுகும் நனைய விழித்துக் கம்பளியை உதறிவிட்டு, பிறகு நடுங்கிக்கொண்டு அதையே தேடுகிறேன். சீராகத் தளர்ந்துகொண்டே போனால் வயது என்று ஏற்றுக்கொள்வேன். இப்படி ஏறி இறங்குவது ஏன்? ஹோர்மோன் பரிசோதனை செய்தால் தெரியுமா?

பதில் – ஓய்வுபெற்ற தாதி, நுவரெலியா

டீச்சர், ஏறி இறங்குவதுதான் இந்தப் பருவத்தின் இயல்பு. மாதவிடாய் முற்றாக நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் படிப்படியாகக் குறைவதில்லை. சூலகத்தில் முட்டைகள் குறையக் குறைய மூளை அதனை மேலும் மேலும் தூண்டுவதால், சில நாட்களில் இளவயதில் இருந்ததைவிடக் கூடுதலாகவும் வேறு நாட்களில் மிகக் குறைவாகவும் சுரக்கிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்தரோன் என்ற மற்றப் பெண் ஹோர்மோனும் போதிய அளவு கிடைப்பதில்லை. உடல் வெப்பம், உறக்கம், மனநிலை மூன்றையும் மூளை ஆள்வதற்கு இவற்றின் துணை வேண்டியிருப்பதால், அவை தடுமாறும்போது மூன்றும் சேர்ந்தே தடுமாறுகின்றன. ஆகவே, 45 வயதைக் கடந்தவர் ஹோர்மோன் அளவைப் பார்ப்பது பெரும்பாலும் வீண்செலவு என்பேன். இன்று எடுத்த இரத்தம் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும்.

செலவிட வேண்டியது வேறு பரிசோதனைகளுக்கு. அளவுக்கு மீறிப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் என்னவென்று மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர் ஒருவர் பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. அந்தச் சோர்வை வயதின் தலையில் கட்டிவிடக் கூடாது. தைரொயிட்டையும் பாருங்கள், அதன் கோளாறும் இதே வேடத்தில்தான் வரும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. உங்கள் பிரிவில் எந்த நாளில் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இன்னொன்று: மாதவிடாய் தவறினாலும் இந்த வயதில் கருத்தரிக்க இடமுண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் – கொழுந்துக்காரி, பதுளை

நான் மலையில் வேலை செய்பவள், வயது 50. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போதே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று எனக்கு இப்போது தெரியும், ஏனெனில் வீட்டு நாட்காட்டியில் இரவு உறங்கினேனா, வியர்த்ததா, இரத்தப்போக்கு எப்படி என்று ஓரிரு சொற்களில் குறித்து வருகிறேன். கோபம் வரும் நாட்களில் பெரும்பாலானவை உறங்காத இரவுக்கு மறுநாள்தான். தடித்த கம்பளிக்குக் கீழே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டால், கம்பளியைத் தள்ளினாலும் குளிர் உடனே தாக்காது. எங்களுக்குச் சோர்வென்று உட்கார வழியில்லை. கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இரத்தப்போக்கு அதிகமான நாளில், கழிப்பறை இல்லாத மலையில், இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டிக்கொண்டு மாலை வரை நிற்பதைப் பற்றி எந்த வைத்தியரும் கேட்டதில்லை. நாட்காட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் என் பேச்சை முழுமையாகக் கேட்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

பதில் – தலவாக்கலை வாசகர்

இருவர் சொல்வதும் சரியே. எனினும் எல்லா மனமாற்றத்தையும் ஹோர்மோனில் சேர்த்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இப்பருவத்தில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, முன்பு ஒரு முறை வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஏறி இறங்காமல், இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் நாட்டமின்றி, வாழ்வே சுமையாகத் தோன்றினால் அது தனியாக மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. காலை ரொட்டியோடும் மதியச் சோற்றோடும் சாயத் தேநீர் குடிப்பவள் நான். அதை நிறுத்த வேண்டுமா? இந்தத் தொல்லைகளுக்குக் கொடுக்கும் ஹோர்மோன் மாத்திரை புற்றுநோய் தரும் என்கிறார்களே?

பதில் – ஓய்வுபெற்ற தாதி, நுவரெலியா

தேயிலை நாட்டில் தேநீரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. உணவிலுள்ள இரும்பை அது பிடித்துவைத்துக்கொள்வதால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது அதை வீசி எறிவதற்குச் சமம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். மாலைக்குப் பின் தேநீர் வேண்டாம், உறக்கம் கெடும்.

ஹோர்மோன் சிகிச்சை பற்றிய அச்சம் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. வியர்வையும் உறக்கமின்மையும் வாட்டும் 60 வயதுக்குக் குறைந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. ஆனால் மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ முன்பு இருந்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல; காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருக்கும்வரை தொடங்கவும் மாட்டார்கள். ஆகவே உங்கள் விடயத்தில் முதலில் அந்தப் போக்கைப் பார்க்கட்டும், மாத்திரையைப் பற்றி அதன் பிறகு வைத்தியரிடம் பேசுங்கள்.