2023 டிசம்பர் மழையை அளந்து குறித்து வைத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழைக்கு, உலகெங்கும் மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோள் திட்டத்தின் ஐமெர்க் தரவை (பல செயற்கைக்கோள்களின் அளவுகளைச் சேர்த்துக் கணித்த மழையளவு) எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரை மணிக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது, சரி. ஆனால் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண்தான் தருகிறது; ஒரு கட்டமே ஏறக்குறைய 11 கி.மீ. அகலம், எங்கள் குளம், பக்கத்து ஊர், உப்பளம் எல்லாம் ஒரே எண்ணாகிவிடுகின்றன. கனமழையை அது குறைத்துக் காட்டுவதும் உண்டு.

என் மொட்டைமாடி மழைமானி அன்றிரவே நிரம்பி வழிந்துவிட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் யாராவது டிசம்பர் 17, 18 மழையை அளந்து நோட்டில் எழுதியிருந்தால், ஊர்ப் பெயர், அளந்த நேரத்தோடு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அப்புறம், மழைமானி அளவை வைத்து ஐமெர்க்கைத் திருத்தத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். குளக்கரையை எவ்வளவு உயர்த்துவது என்று ஊரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.