அடிவார ஓடையில் நீரளவு எடுக்க வழி சொல்லுங்கள்

குழு உறவுகளுக்கு வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை இருக்கிறது. மழை நின்ற பின் அது எத்தனை நாள் ஓடுகிறது, அதற்கேற்பக் கிணறு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை இந்த வடகிழக்குப் பருவத்தில் முறையாகக் குறித்து வருகிறேன்.

கிணற்றைத் தினமும் காலையில், மோட்டார் போடும் முன், கல் கட்டிய கயிற்றால் அளந்துவிடுகிறேன். ஓடையில்தான் சிக்கல். தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு, 10 மீட்டர் கடக்கும் நேரத்தைப் பார்க்கிறேன். மேற்பரப்பு நீர் சராசரியைவிட வேகமாக ஓடும் என்பதால், கிடைக்கும் வேகத்தை 0.85ஆல் பெருக்குகிறேன். பாறை நிறைந்த, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடைக்கு இந்த எண் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? 90 டிகிரி 'வி' வெட்டுள்ள தகட்டை ஓடையின் குறுக்கே பதித்து, வெட்டில் நீர் வழியும் உயரத்தைக் கொண்டு அளந்தவர்கள், அடியில் கசியாமல் எப்படி அடைத்தீர்கள்?

இன்னொன்று, இதுதான் அவசரம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. சேலம் வெள்ளைக்கல் (மேக்னசைட் என்ற மக்னீசியத் தாது) பூமி என்பதால் மக்னீசியமோ என்று சந்தேகம். மேலே உரமிடும் தோட்டங்கள் இருப்பதால் நைட்ரேட்டையும் பார்க்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இவற்றைத் தனித்தனியாகச் சோதித்துத் தரும் ஆய்வகம் சேலத்தில் எது? தயவுசெய்து சொல்லுங்கள்.