இலச்சினைக்கு முதல் பழைய பக்கங்களைக் காப்பாற்றுவோம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

செயற்குழு அனுப்பிய மூன்று இலச்சினை மாதிரிகளையும் புது முகப்பின் படங்களையும் பார்த்தேன். பிள்ளைகள் தங்கள் வேலை, படிப்புக்கு நடுவில் இருந்து செய்திருக்கிறார்கள், அவர்களுக்கு முதலில் நன்றி. எங்கள் ஊர் இணையத்தளத்தை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஆட்கள் எங்கள் தளத்துக்கு வராமல் விட்டதற்கு அதன் தோற்றம் பழசானது மட்டும் காரணம் இல்லை, தேடினால் அது அகப்படுவதே இல்லை. ஆரம்ப காலத்தில் போட்ட மரண அறிவித்தல்கள், திருவிழாச் செய்திகள், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி, எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறிமுறையான யூனிகோட் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், மேலே தெரிவது மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத போனில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும், கூகிளுக்கும் அது அப்படியேதான் தெரியும். பிறகு எப்படி கனடா ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பிள்ளை தன் அப்பப்பாவின் பெயரைத் தமிழில் அடித்து எங்கள் பக்கத்தைக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு எழுத்துருவைத் தானாக இறக்கிக் காட்டும் வசதி இன்ரநெட் எக்ஸ்புளோரரில் இருந்தது, அதை நம்பிச் செய்தார்கள், அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவு. அந்த உலாவிக்கே 2022 ஜூனோடு ஆதரவு நின்றுவிட்டது. கோயில் மணியோடு திறக்கும் எங்கள் முகப்பு புளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருளில் செய்தது, அது நிறுத்தப்பட்டதால் 2021 ஜனவரியில் இருந்து வெறும் பெட்டி. முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வருவதைப் பார்த்துப் பயந்து மூடுகிறவர்களும் இருக்கிறார்கள், குரோம் 2018 ஜூலையிலேயே இதைக் காட்டத் தொடங்கிவிட்டது. அந்த எச்சரிக்கையை நீக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழ் காசில்லாமல் கிடைக்கும், அதை இந்தக் கிழமையே போடலாம், கூட்டம் கூடத் தேவையில்லை.

எனக்கு உண்மையில் கவலை தந்தது, மதிப்பீடு அனுப்பிய நிறுவனம் 'பழைய பக்கங்களை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம்' என்று எழுதியிருப்பது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பிப் போனபோது எத்தனை வீட்டு அல்பங்கள் அலுமாரியிலேயே விடுபட்டன என்று உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்தவர்களிடம் தப்பிய பள்ளிக்கூடக் குழுப்படங்களை, கலியாணப் படங்களைத்தான் நாங்கள் ஸ்கான் பண்ணிப் போட்டோம். சில குடும்பங்களுக்கு வேறு பிரதியே இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இருக்கும் என்று சொல்லாதீர்கள், அதில் பக்கம் இருந்தாலும் படங்கள் பல இடங்களில் இல்லை. முதலில் முழுத்தளத்தையும் இரண்டு மூன்று பேரின் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள். பழைய முகவரிகளும் உடையக்கூடாது, பழைய இணைப்பை அழுத்துகிறவர் நேரே புதுப் பக்கத்துக்குப் போகவேண்டும்.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிடும், ஆகவே ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும். கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலைய மலர் போன்றவற்றின் ஸ்கான்களை நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் கொடுப்போம், 2005இல் இருந்து இதையே வேலையாகச் செய்கிறார்கள்.

சரி, இலச்சினை. மூன்று மாதிரியிலும் பனை, அல்லது யாழ், அல்லது இரண்டும். அழகுதான், ஆனால் பெயரை மறைத்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள எந்தச் சங்கத்தின் இலச்சினை என்றும் சொல்லலாம். இப்போது இருப்பதில் எங்கள் கிணறும் அதில் தண்ணீர் அள்ளும் நீண்ட மரத் துலாவும் இருக்கின்றன. ஊர்ச் சித்திர ஆசிரியர் பேனாவால் கீறியது. பிறகு வந்தவர்கள் சுற்றிவரக் கோபுரம், பள்ளிக்கூடம், வாசிகசாலை, நெற்கதிர், ஆண்டு என்று சேர்த்துச் சேர்த்து, இப்போது போனில் ஒரு கறுத்தப் புள்ளியாகத்தான் தெரிகிறது. என் யோசனை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கிணற்றையும் துலாவையும் மட்டும் விடுங்கள். துலாவின் சாய்ந்த கோடும் கிணற்றின் வட்டமும் போதும், உலாவியின் தத்தலில் (tab) வரும் சின்னச் சதுரத்திலும் அடையாளம் தெரியும். எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகக் கீறுங்கள், பதாகைக்கும் அதையே பாவிக்கலாம். துலா என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாதே என்று ஒருவர் எழுதியிருந்தார். தெரியாததால்தான் அது அங்கே இருக்கவேண்டும், கேட்பார்கள், நாங்கள் சொல்லுவோம்.

முகப்பைப் பற்றி அதிகம் இல்லை. முழுத்திரை அசையும் படம் வேண்டாம், ஊரில் டேட்டா போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அது காசு. முதல் திரையிலேயே மரண அறிவித்தலும் கோயில் நாட்களும் வரட்டும், எல்லோரும் வருவது அதற்குத்தான். இறுதிக் கிரியை நேரத்தை இலங்கை நேரத்திலும் பார்க்கிறவரின் நாட்டு நேரத்திலும் காட்டுங்கள், நேரடி ஒளிபரப்பைத் தவறவிட்டு அழுதவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கபில நிறத்தில் மஞ்சள் எழுத்து என்ற இன்றைய கோலம் போகட்டும், எழுத்து பெரிதாக, வெள்ளையில் கறுப்பாக இருந்தால் எண்பது வயதுக் கண்ணுக்கும் பிடிபடும். தலைப்புகளைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோட் எழுத்துரு இலவசம்.

ஆகவே செயற்குழுவிடம் என் வேண்டுகோள், இலச்சினை வாக்கெடுப்பைத் தைப்பொங்கலுக்குப் பிறகு வையுங்கள். அதற்குள் மரண அறிவித்தல்களையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். சூரிச், லண்டன், மெல்பேர்ண் எங்கே இருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு மணித்தியாலம் பிழை பார்க்கக்கூடியவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள், எந்த ஆண்டுப் பக்கங்கள் யாருக்கு என்று நான் பிரித்து அனுப்புகிறேன். ஆசிரியர் கீறிய மூலத்தாள் யாரிடமாவது இருந்தால் மடிக்காமல் ஸ்கான் பண்ணி அனுப்புங்கள்.