பழுதுள்ள ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கலாமா, விடலாமா?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கார் விலைக்கு வந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஜெர்மன் தயாரிப்பான போர்ஷே பாக்ஸ்டர், இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, முதுகுக்குப் பின்னால் 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் பாக்சர் எஞ்சின் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருக்கும் வகை). பள்ளிப் பருவத்தில் அதன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

விற்பவர் எதையும் மறைக்கவில்லை. கிளட்ச் வழுக்குகிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிகிறது. இவை செலவோடு தீரும். என் தூக்கத்தைக் கெடுப்பது எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டு (IMS) பேரிங், அதாவது வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டைத் தாங்கும் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்றால், 2007ஆம் ஆண்டு வண்டியில் எஞ்சினை முழுவதும் பிரித்தாக வேண்டும்.

ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க உரிமையாளர் சம்மதித்துவிட்டார், நல்ல மனிதர். அதைப் பார்த்து, கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து, உள்ளதை உள்ளபடி சொல்லும் மெக்கானிக் புதுச்சேரியிலோ சென்னையிலோ யாருக்காவது தெரியுமா? கடற்காற்றில் நின்ற வண்டி. அடியில் துருவை எங்கெங்கே தேட வேண்டும்?

புதுச்சேரிப் பதிவு என்பதால் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் சாலை வரி கட்ட வேண்டும். அண்மையில் அப்படி மாற்றியவர்கள் தொகையையும் அலைச்சலையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பதில் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.