யூகான் கூடைப்பந்து: பிக் ஈஸ்டுக்குத் திரும்பியது சரியா?

கேள்வி:
கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் (சுருக்கமாக யூகான்) ஆண்கள், பெண்கள் என இரண்டு கூடைப்பந்து அணிகளும் எனக்கு உயிர். 2020இல் பிக் ஈஸ்ட் என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்புக்குத் திரும்பியதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பிக் ஈஸ்டில் அமெரிக்கக் கால்பந்து இல்லாததால் அந்த அணி எந்தக் கூட்டமைப்பும் இல்லாமல் தனித்து விடப்பட்டதே என்று நண்பர்கள் வருந்துகிறார்கள். உங்கள் கருத்து?

பதில் 1:
சரியான முடிவு. 2023, 2024 என ஆண்கள் அடுத்தடுத்துத் தேசியக் கோப்பை வென்றார்களே! ஆனாலும் கால்பந்து வீரர்களும் நம் பிள்ளைகள்தான்.

பதில் 2:
பெண்கள் அணியை மறந்துவிட்டீர்களா? 2025இல் தென் கரோலினாவை 82-59 என வீழ்த்தி 12ஆவது தேசியப் பட்டம்!

கேள்வி கேட்டவர்:
மறப்பேனா? அன்று ஆட்டம் முடியும் தறுவாயில் வெளியே வந்த நட்சத்திர வீராங்கனை பெய்ஜ் பெக்கர்ஸ், பயிற்சியாளர் ஜீனோ ஔரியெம்மாவை இறுகக் கட்டிக்கொண்டபோது எனக்கும் கண் கலங்கியது. 2004, 2014 இரண்டிலும் ஆண்கள், பெண்கள் இருவருமே அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் உச்ச மட்டமான முதல் பிரிவில் தேசியப் பட்டம் வென்றார்கள். வேறெந்தப் பல்கலைக்கழகம் இதைச் செய்திருக்கிறது?