கோயில் வளைவு விளக்கு

குழு: தொங்கல் வீட்டுச் சொந்தங்கள்

கவிதா (மாலை 6.42): பிரதேச சபைக் கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். சபைக் கட்டடக் கூரையில் சோலார் போடப் போகிறார்களாம். தெரு விளக்குகள் எல்லாம் எல்.இ.டி. ஆகுமாம்.

அத்தை: அது இருக்கட்டும். நம் கோயில் வளைவு விளக்கு எப்போது எரியும்?

பிரபா: எரிகிறதே அத்தை! போன முறை வந்தபோது பார்த்தேன்.

அத்தை: பகலில் பார்த்திருப்பாய். உச்சிவெயிலில் பளிச்சென்று நிற்கிறது, பொழுது சாய்ந்ததும் தூங்கிவிடுகிறது. நேற்று அந்த இருட்டில் காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை.

பெரியப்பா: 150 வாட் சோடியம் விளக்கு அது. பகலில் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 54 அலகு. என் வீட்டில் மாதம் முழுக்க அவ்வளவு ஆகாது. முதலில் அதை அணைக்கட்டும், பிறகு கூரையில் ஏறலாம்.

கவிதா: இரண்டும் வேண்டும் பெரியப்பா. 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வர வேண்டும் என்பது இலக்கு.

பிரபா: நம் ஊரில் சோலாரா? ஆடி மாதம் சூரியனைப் பார்க்க வெலிமடைக்கு அல்லவா பஸ் ஏற வேண்டும்! அதோடு, 2025 சித்திரை விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபையே கேட்டதே.

பெரியப்பா: விடுமுறையில் தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் மூடியிருந்தன. வாங்க ஆள் இல்லை. மற்ற நாளில் கதை வேறு. நோட்டனில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேள். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விமலசுரேந்திர மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு நோட்டன் நீர்த்தேக்கத்துக்கு வரும். அங்கிருந்து பழைய லக்சபான மின் நிலையத்துக்கு இறங்கும். பகலில் வெயில் மின்சாரம் கிடைத்தால் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து இரவு ஏழு மணிக்கு விடலாம். அந்த நேரத்தில்தான் ஊரே விளக்குப் போடும். தண்ணீர் இல்லையென்றால் எண்ணெய்தான் எரிய வேண்டும். வெயில் அம்பாந்தோட்டையில் அடித்தாலும் மிச்சப்படுவது காசல்ரீத் தண்ணீர்.

அத்தை: லக்சபான மின்சாரம் 1950இலேயே கொழும்புக்குப் போய்விட்டதாம். என் கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ்தான் அண்ணா. தாலி கட்டும் நேரம் பார்த்து அணைந்தது.

பெரியப்பா: பம்ப் அடிக்கச் சொன்ன ஆள் பந்தியில் உட்கார்ந்திருந்தான்.

கவிதா: 😄 கூட்டத்தில் நான் கேட்டது வேறு கேள்வி. எல்.இ.டி. பட்டியலில் பிரதான வீதிக் கம்பங்கள் மட்டும்தான் இருக்கின்றன. தோட்டத்துப் பாதை ஒன்றுகூட இல்லை.

பிரபா: தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்பார்களே?

கவிதா: அது 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. 2018இல் திருத்தியாகிவிட்டது. அதைச் சொன்ன பிறகுதான், கம்ப எண்களைக் கொடுங்கள், சேர்க்கிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அவரவர் லயத்துக்குப் பக்கத்தில் உள்ளதைப் பார்த்துப் போடுங்கள்.

அத்தை: கோயில் வளைவுக் கம்பத்தில் எண் அழிந்துவிட்டது. ‘ஆடு விற்பனைக்கு’ என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கிறது.

பெரியப்பா: அது நான் எழுதியது. ஆடு விற்றாயிற்று.

கவிதா: அப்படியானால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அத்தை.

அத்தை: இந்த இருட்டிலா?

பெரியப்பா: நாளை மதியம் போ. விளக்கு எரியும்.