தோள்பையில் ஒரு பதிப்பகம்: நம்ம மலையகக் கவிஞரைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். பெயரைப் போடவில்லை. தன்னைப் பற்றி யாராவது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள், அதையும் படித்துவிட்டு எழுதுங்கள் என்பார். ஆனால் இத்தனை வருஷமாகத் தானும் எழுதி, அடுத்தவர் எழுத்தையும் கைக்காசு போட்டு அச்சடித்து வரும் ஒருவரைப் பற்றி எங்கேயும் நாலு பக்கம் கிடையாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தித்தவர்கள் கீழே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். அப்பாவுக்குக் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டும் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பது. உயர்தரம் முடித்ததும் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார் (நம்ம பையன்கள் பாதிப் பேருக்கு அதுதானே முதல் உத்தியோகம்). அந்தக் கடைக்கு பில் புத்தகம் அடித்துக் கொடுத்த அச்சகத்தில் ஓய்வு நேரத்தில் போய் நின்று, எழுத்துக் கோக்கவும் ஃபாரம் மடிக்கவும் பழகிக்கொண்டாராம். முதல் தொகுப்பு அங்கேயே, கடை மூடிய பிறகு, மிஞ்சிய தாளில் வந்தது. மலையகத்தில் கவிஞர் பதிப்பாளராவதற்குப் பெரிய கொள்கை விளக்கமெல்லாம் தேவையில்லை. வேறு யாரும் போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் அவரைச் சந்தித்தபோது ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷனில் (தொலைபேசி, டைப்பிங் கடையில்) டைப் செய்துகொண்டிருந்தேன். ஒரு கொப்பியையும் பழைய கையடக்கத் தொலைபேசியையும் மேசையில் வைத்து, "தம்பி, இதைக் கேட்டுக் கேட்டு அடிக்கணும், அவசரமில்லை" என்றார். தொலைபேசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவின் குரல். தாலாட்டு, கொழுந்துப் பாட்டு, ஒப்பாரி. இடையில் கோழி கூவுகிறது, யாரோ விறகு பிளக்கிறார்கள். அடித்துக் கொடுத்தேன். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தபோது அங்கே யாரோ ஒரு புண்ணியவான் பாட்டு முழுவதையும் இலக்கணத் தமிழுக்குத் திருத்தி வைத்திருந்தார்.

கவிஞர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் லயத்துக்குப் போனார். அடுப்படியில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து, திருத்திய பிரதியை அப்படியே உரக்க வாசித்தார். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். ஒப்பாரி வந்ததும் கையை நிறுத்திவிட்டு, "இப்பிடி இருந்தா இழுத்து அழ முடியாதே தம்பி" என்றார். பென்சிலை எடுத்து அவர் பாடப் பாட வரி வரியாகப் பழையபடி மாற்றி எழுதினார் இவர். இருட்டிவிட்டது. திரும்பும்போது, "இவங்கதான் நமக்குப் புரூஃப் ரீடர்" என்று சொன்னது கேலிக்கு இல்லை. புத்தகத்தின் அட்டையில் அந்த அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. இவருடைய பெயர் கடைசிப் பக்கத்தில், தேடினால் கிடைக்கும் அளவில்.

அதற்குப் பிறகு அவருடைய வரவுசெலவுக் கொப்பியையும் நானே எழுதினேன். 300 பிரதி அடிப்பார். அச்சகத்துக்கு முதலில் பாதி, மீதி வெளியீட்டு விழா முடிந்து. விழாவில் வருகிறவர்கள் கவரில் வைத்துக் கொடுப்பதுதான் அந்த மீதி. கொழும்பில் செய்தால் வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபம். மேடையில் பத்துப் பேர் பேசி, கவரும் கொஞ்சம் கனமாக வரும். தோட்டத்தில் செய்தால் கோயில் முன்றல், சம்பளம் போட்ட கிழமை. கவர் கிடையாது, ஆனால் வாங்குகிறவர்கள் வாசிக்கிறவர்கள். இரண்டு இடத்திலும் செய்துவிடுவார். தேசிய நூலகத்துக்கு எழுதி ஐ.எஸ்.பி.என். எடுப்பது, சுவடிகள் கூடத் திணைக்களத்துக்குச் சட்டப்படி சேரவேண்டிய 5 பிரதிகள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பது, இதில் மட்டும் ஒரு பிடிவாதம். அந்தப் பிரதிகளை அனுப்புவது அச்சகத்தின் வேலை. சின்ன அச்சகங்கள் மறந்துவிடும் என்பதால் இவரே கட்டிக் கொண்டுபோவார். மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தாத்தாவின் பெயர் பதிவேட்டிலிருந்து போன குடும்பம் அவருடையது. அந்தப் பிடிவாதத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வராதீர்கள். பதிப்பகம் அவருடைய கவிதையைச் சாப்பிட்டுவிட்டது. முதல் இரண்டு தொகுப்பிலும் பிரட்டுக்களத்து (காலையில் வேலைக்குக் கூடும் இடத்து) குளிரும், பெயர் கூப்பிடும்போது அப்பா கொடுக்கும் குரலும் அப்படியே இருக்கும். கடைசியாக வந்த தொகுப்பு மெலிந்துபோயிருக்கிறது. அடுத்தவர் புரூஃப் பார்த்துக் களைத்தவர் எழுதியது என்று தெரிகிறது.

பண்டாரவளை டீச்சர்:

எங்கள் பாடசாலைத் தமிழ்த் தினத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். பயணச் செலவைக் கொடுக்கப் போனபோது வேண்டாம் சேர் என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, ஐந்து புத்தகத்தை நூலகத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவு சாமர்த்தியம்!

பிள்ளைகள் எழுதிய கவிதைகளைக் கொடுத்தோம். எல்லாவற்றிலும் தேயிலை, இரத்தம், அட்டைக்கடி, கண்ணீர். இருபது முப்பது வருஷமாகப் போட்டிகளுக்கு நாங்கள்தானே அப்படி எழுதப் பழக்குகிறோம். அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "உங்க காம்பராவுல மழை வந்தா எந்தச் சட்டிய எங்க வைப்பீங்க?" என்று கேட்டார். பிள்ளை முதலில் வெட்கப்பட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்: கட்டிலுக்குத் தலைமாட்டில் சோற்றுப்பானை, சாமிப்படத்துக்குக் கீழே தண்ணி வாளி, அடுப்புப் பக்கம் ஒழுகினால் ஒன்றும் வைக்க முடியாது, அம்மா குடை பிடித்துக்கொண்டு ரொட்டி சுடுவார். வகுப்பே சிரித்தது. "இதை இப்பிடியே எழுது, ஒரு வார்த்தை கூட்டாதே" என்றார். அந்தப் பிள்ளையின் கவிதை மாணவர் தொகுப்பில் முதல் பக்கத்தில் வந்தது. இன்றைக்குக் கெம்பஸில் படிக்கிறாள்.

மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசித் தொகுப்பு மெலிந்ததல்ல, அடங்கியது. பக்குவப்பட்ட எழுத்து அப்படித்தான் இருக்கும்.

பொகவந்தலாவையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தவன்:

எல்லோரும் மாலை போடுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன். என்னுடைய கையெழுத்துப் பிரதி அவரிடம் நெடுநாள் கிடந்தது. போன் எடுத்தால் "பார்த்துக்கிட்டிருக்கேன் தம்பி" என்பார், அதற்குமேல் பேச்சில்லை. ஒருவழியாகப் பக்கம் அமைத்து முடித்தபோது 2022 மார்ச், பொருளாதார நெருக்கடி நேரம். டொலர் 200 ரூபாயிலிருந்து எகிறிக்கொண்டிருந்தது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள், சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அந்த நேரத்தில் யார் கவிதைப் புத்தகம் அடிப்பது? அச்சகம் முன்பு சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்ததாம்.

அவர் செய்தது இதுதான். ஒரே தாளை நாலாக மடித்து, என் கவிதைகளில் நான்கை மட்டும் போட்டு, ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று 20 ரூபாய்க்கு விற்றார். என்னிடம் கேட்கவும் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புத்தகம் கேட்டவனுக்கு லொத்தர் டிக்கெட் மாதிரி ஒரு துண்டுத்தாள். முழுத் தொகுப்பு இன்னும் வரவில்லை, அதையும் இங்கே பதிகிறேன்.

ஆனால் பெற்றோல் வரிசையில் நின்ற ஒரு த்ரீவீல்காரர் அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் சொருகி வைத்திருந்ததைப் பார்த்தேன். அவரிடம் நான்தான் எழுதியது என்று சொல்லவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

மஸ்கெலியாவிலிருந்து:

மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால் பழைய மஸ்கெலியா மேலே வரும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியுமோ என்னவோ. 1969 இல் அணை கட்டி முடித்தபோது பழைய பட்டணம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் கோயில், பன்சலை (புத்த விகாரை), பள்ளிவாசல் மூன்றின் இடிபாடும் தெரியும். சனம் செல்ஃபி எடுக்க வரும். இவர் வந்தது கிழவர்களோடு. எங்கள் தாத்தாவும் ஒருவர். சேற்றில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இங்கே யார் கடை, அங்கே எந்தப் பேக்கரி, தேர் எந்த வழியாக வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொப்பியில் வரைபடம் போட்டார். இரண்டு தாத்தாமார் ஒரு சவரக் கடை இடதுபக்கமா வலதுபக்கமா என்று அடிபிடிக்குப் போனார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டார். சின்னப் புத்தகமாக வந்தபோது வரைபடத்தில் அந்தச் சவரக் கடை இரண்டு பக்கமும் இருக்கிறது! தாத்தா இருந்தவரை அந்தப் பக்கத்தைக் காட்டிச் சண்டை பிடித்தார்.

முதலில் எழுதியவன்:

டீச்சர், நீங்கள் சொன்னதற்காகக் கடைசித் தொகுப்பைத் திரும்ப எடுத்துப் படித்தேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் அதிலிருக்கும் கவ்வாத்துக் கத்திக் கவிதையை மட்டும் உங்களுக்கு விட்டுத்தருகிறேன்.

வெள்ளவத்தை அண்ணனுக்கு: துண்டுத்தாளை அவர் சும்மா கண்டுபிடிக்கவில்லை. இந்த மலையில் அச்செழுத்து தொழிலாளர் கைக்குப் போனதே பெரும்பாலும் அப்படித்தான். ஹட்டனில் இருந்துகொண்டு தொழிற்சங்கமும் பத்திரிகையும் நடத்திய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடினார். 1940 இல் அந்தப் பாட்டுகளைச் சிறு நூலாகவும் போட்டார். பிறகு வந்த பாட்டுக்காரர்கள் பட்டணச் சந்திகளில் பாடிப் பாடியே பாட்டுத்தாள் விற்றார்கள். 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளைகூட, தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்தான். இதையெல்லாம் நம்மாள் மூச்சுவிடாமல் சொல்வார், தேத்தண்ணி ஆறிப்போகும். கேட்காமல் அடித்தது தப்புத்தான், அதை நானும் அவரிடம் சொன்னேன். "தம்பி கோபமா இருக்கட்டும், கோபத்துல நல்லா எழுதுறான்" என்றார். உங்கள் தொகுப்பு அடுத்த வரிசையில் இருக்கிறது, கொப்பியில் பார்த்தேன்.

இப்போது ஒரு உதவி. அவருடைய முதல் தொகுப்பு, புறக்கோட்டை மிச்சத் தாளில் வந்தது, அவரிடமே ஒரு பிரதிகூட இல்லை. மழையில் நனைந்து போய்விட்டது. பச்சை அட்டை, நடுவில் பின் அடித்தது, சில பக்கங்கள் வேறு நிறத் தாளில் இருக்கும். உங்கள் வீட்டிலோ, பழைய வாசிகசாலை அலுமாரியிலோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். நூலகம் என்ற மின்னூலகத் தளத்தில் ஏற்ற ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவேன். அவரிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், கிடைத்தால் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்துவிடுவார்.